பல் டாக்டரம்மா பின்சீட்டில் உட்கார்ந்த நாள்

அவரைத் தேடி வருகிறவர்களில் மாதத்துக்கு ஒருவராவது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். தெருமுனையில் "பல் டாக்டரம்மா எங்க இருக்காங்க?" என்று கேட்டால் கடைக்காரர் யோசிக்காமல் கையை நீட்டிவிடுவார். வந்தவர் தகரக் கூரையையும், ஜாக்கியில் தூக்கி நிறுத்திய வண்டியையும், அதற்கடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்களையும் பார்த்துத் திகைப்பார். கால்கள் நகரும். பின்னாலேயே முழங்கை வரை கிரீஸ் பூசிக்கொண்டு ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் எழுந்து வருவார்.

"உங்க பல்லா, வண்டிப் பல்லா?" என்பார். "வண்டிப் பல்லுன்னா இங்க. உங்க பல்லுன்னா ரெண்டு தெரு தள்ளி, பச்சை போர்டு. அவரு வலிக்காம எடுப்பாரு. நான் அப்படி இல்ல."

கியர் பெட்டிக்குள் இருப்பதெல்லாம் பல் சக்கரங்கள். அந்தப் பற்களைப் பார்த்துக் கோளாறைச் சொல்வதில் அவரை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆளில்லை. அதனால் வந்த பெயர். அவருக்கு அதில் கூச்சம் ஒன்றும் கிடையாது. வீட்டில்கூடக் கணவர் கோபம் வந்தால் "சரிங்க டாக்டர்" என்பார்.

டாக்டரம்மா இந்தத் தொழிலை எந்தப் பட்டறையிலும் கற்றுக்கொள்ளவில்லை. பேருந்து டிப்போவின் ஸ்பேர்ஸ் கவுண்டரில் ஒன்பது வருடம் உட்கார்ந்திருந்தார். கம்பிவலை போட்ட ஜன்னல், ஒரு நாற்காலி, ஒரு நோட்டு. புதுச் சாமான் வேண்டுமென்றால் பழையதைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஒப்படைத்ததை மற்ற குமாஸ்தாக்கள் பின்னால் இருந்த டிரம்மில் வீசிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். இவர் மட்டும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஏன் இந்தப் பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது? ஏன் இந்தப் பல்லின் நுனி மழுங்கி, அடி அப்படியே இருக்கிறது? இரண்டாவது வருடத்திலேயே சாமானைப் பார்த்து ஓட்டுநரைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணே, நீங்க கியர் போட்ட பிறகும் கையை அது மேலேயே வெச்சிருப்பீங்களா?" என்று கேட்பார். ஓட்டுநர் தன் கையை ஒருமுறை பார்த்துக்கொள்வார். "ஆமாம்மா. எப்படித் தெரியும்?" "கியரைத் தள்ளற கவட்டை ஒரு பக்கமா தேய்ஞ்சிருக்கு. கையை மடியில வெச்சுக்கோங்க, அது பாட்டுக்கு உழைக்கும்."

டிப்போ இடம் மாறியபோது அவர் போகவில்லை. தகரக் கூரை போட்டார், ஒரு ஜாக்கி வாங்கினார். முதல் வருடம் வந்தவர்களெல்லாம் "உள்ள வேற யாரும் இல்லையா?" என்று எட்டிப் பார்த்தார்கள். மூன்றாவது வருடம் வரிசையில் நின்றார்கள். உடைந்ததைக் கையில் பிடித்துப் பார்த்தால் நடந்தது முழுவதும் தெரிந்துவிடும் என்று அவர் நம்பினார். பெரும்பாலும் தெரியவும் செய்தது. அந்த வெள்ளைக் கார் வரும்வரை.

அது ஒரு டிரைவிங் ஸ்கூல் வண்டி. பழைய வண்டியை விற்றுவிட்டு நான்கு மாதத்துக்கு முன் ஸ்கூல் ஓனர் வாங்கியது. அந்த ஸ்கூலில் மத்தியான வகுப்புகளை எடுப்பவள் டாக்டரம்மாவின் நாத்தனார், அதாவது கணவரின் கடைசித் தங்கை. வயது முப்பத்தெட்டு. உயரம் ஐந்தடிக்கு இரண்டு விரல் குறைவு. வீட்டில் எல்லாரும் சுண்டு என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவளிடம் வண்டி கற்றவர்களும் சுண்டு மிஸ் என்றே கூப்பிட்டார்கள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அண்ணன் வீட்டு மாடியிலேயே இருந்தாள். ஏழு வருடத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட பெண்களை ரோட்டில் இறக்கி விட்டிருந்தாள்.

வண்டி வந்த இரண்டாவது மாதமே கியர் முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. நின்ற இடத்தில் முதல் கியர் போட்டால் கரகரவென்று அரைக்கும். ரிவர்ஸ் போட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். டாக்டரம்மா ஓட்டிப் பார்த்தார், அவர் கையில் அது லேசாகத்தான் முனகியது. பழைய வண்டி, பலர் கை பட்டது, உள்ளே பித்தளை வளையங்கள் தேய்ந்திருக்கும் என்று முடிவு கட்டினார். ஓடுகிற பல்லையும் நிற்கிற பல்லையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து சண்டையில்லாமல் சேர்த்து வைப்பவை அந்த வளையங்கள்தான். பெட்டியைத் திறந்தார். வளையங்கள் தேய்ந்துதான் இருந்தன. யாரோ பலவந்தமாகத் தள்ளியிருக்கிறார்கள் என்பதும் தேய்மானத்தில் எழுதிவைத்ததுபோல் தெரிந்தது. கற்றுக்கொள்கிறவர்கள் தள்ளத்தான் செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டார். ஏன் தள்ளுகிறார்கள் என்று கேட்கவில்லை. புது வளையம் போட்டார், எண்ணெய் மாற்றினார், ஓட்டிப் பார்த்தார். வெண்ணெய்போல் விழுந்தது.

ஸ்கூலுக்குத் திரும்பிய மறுநாளே சத்தம் திரும்ப வந்தது.

இரண்டாவது முறை க்ளட்ச் கேபிளை மாற்றினார். ஒர்க்‌ஷாப்பில் மறுபடியும் வெண்ணெய். ஸ்கூலில் மறுபடியும் அரைவை. மூன்றாவது முறை வண்டியைக் கொண்டுவந்தவர் ஓனரே. வியாழக்கிழமை காலை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, மரியாதைக் குறைவில்லாமல்தான் பேசினார்.

"டாக்டரம்மா, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. காலையில எங்க நெட்டை மாஸ்டர் இதே வண்டியிலதான் சொல்லிக் குடுக்கறாரு. ஒரு சத்தம் கிடையாது. மத்தியானம் உங்க நாத்தனார் உக்காந்தா வண்டி பல்லைக் கடிக்குது."

"அதுக்கு?"

"அவங்க கிட்ட வர்றதெல்லாம் லேடீஸ். அவங்களுக்கு க்ளட்ச் சரியா மிதிக்க வரல. இவங்களும் கண்டிக்க மாட்டேங்கறாங்க. திங்கக்கிழமையிலிருந்து சுண்டுவை டேபிளுக்கு மாத்திடலாம்னு இருக்கேன். ஃபாரம் எழுதட்டும், போன் எடுக்கட்டும். சம்பளம் அதேதான்."

"வண்டியில கோளாறுன்னா ஆளை எதுக்கு மாத்தறீங்க? அது பெட்டியில இல்ல. அதை மட்டும் இப்பவே எழுதிக் குடுக்கறேன்."

ஓனர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "பெட்டியில இல்லன்னா அப்ப எதுக்கும்மா பெட்டியைத் தொறந்தீங்க?"

டாக்டரம்மா அவர் கையிலிருந்து வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். பிறகு, "சனிக்கிழமை சொல்றேன்" என்றார். "அதுவரைக்கும் டேபிளைத் துடைக்காதீங்க."

ஓனர் போனதும் வண்டியை மறுபடி சோதித்தார். எஞ்சினை அணைத்துவிட்டு ஐந்து கியரையும் போட்டார். தடையில்லாமல் விழுந்தது. எஞ்சினை ஓடவிட்டு, க்ளட்சைத் தரை வரை மிதித்து, மூன்று எண்ணி, ரிவர்ஸ் போட்டார். சத்தமே இல்லை. எஞ்சினிலிருந்து க்ளட்ச் முழுக்க விலகாவிட்டால் இந்தச் சோதனையில் ரிவர்ஸ் கத்தியே தீரும். கத்தவில்லையே. வண்டி சுத்தமாக இருந்தது. எல்லா விதத்திலும் சுத்தம். இருக்கைகள் துடைத்து, தரை பெருக்கி, கால் வைக்கும் இடத்தில் ஒரு மண் துகள் கிடையாது. ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறது என்றால் வண்டியைத் துடைத்து அனுப்புகிற வேலையை எப்போதும் சுண்டுவே செய்வாள்.

இங்கே வந்தால் நல்ல பிள்ளை, அங்கே போனால் அடங்காப்பிடாரி. அப்படியென்றால் அங்கே மட்டும் இருக்கிற ஏதோ ஒன்றுதான் காரணம். அது ஒரு மனிதரா, ஒரு பழக்கமா? ஓனர் சொல்வது உண்மையாகவே இருந்துவிட்டால்? அந்த எண்ணம் வந்தபோது டாக்டரம்மாவுக்கே தன்மேல் எரிச்சல் வந்தது. ஆனால் வந்த எண்ணத்தை இல்லையென்று எப்படிச் சொல்வது? இத்தனை வருடமும் உடைந்ததைத்தான் பார்த்திருக்கிறோம், உடைவதைப் பார்த்ததில்லை என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியது.

அன்று சாயங்காலம் மாடிக் கொடியில் சுண்டு துணி எடுத்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா படியேறிப் போய்க் கிளிப்புகளைக் கழற்றிக் கொடுத்தபடி ஆரம்பித்தார்.

"நாளைக்கு உன் கிளாஸுக்கு நான் வர்றேன். பின்னாடி உக்காந்துக்கறேன்."

சுண்டு போர்வையை உதறினாள். "வேணாம் அண்ணி. நீங்க உக்காந்தா கிளாஸ் கெட்டுடும்."

"ஏன், நான் என்ன பிசாசா?"

"பிசாசுன்னா பேசாம இருக்கும்."

கீழே அறையில் அச்சகத்துத் தாள்களைப் பிழை திருத்திக்கொண்டிருந்த சுண்டுவுடைய அண்ணனின் சிரிப்பு ஜன்னல் வழியாகக் கேட்டது. "என்ன சிரிப்பு அங்க?" என்றார் டாக்டரம்மா. "பிழை ஒண்ணும் இல்லன்னு டிக் போட்டேன்" என்று பதில் வந்தது.

சுண்டு சிரிக்கவில்லை. போர்வையை மடித்து, மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். "என்னைச் சோதிக்கத்தானே வர்றீங்க? ஓனர் சொல்லிட்டாரு, நீங்களும் நம்பிட்டீங்க."

"நம்பினா எதுக்கு வர்றேன்? அங்கேயே சரின்னு சொல்லியிருப்பேனே."

"டேபிள்ல உக்காந்தா செத்தா போயிடுவேன்? மாட்டேன். ஃபேன் இருக்கு, நாற்காலி இருக்கு. ஆனா தினமும் கண்ணாடி வழியா என் வண்டி இன்னொருத்தரோட போறதைப் பார்க்கணும்." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஒருத்தி நடுங்கிக்கிட்டே வந்து உக்காருவா அண்ணி. வீட்ல எல்லாரும் உனக்கு வராதுன்னு சொல்லி அனுப்பியிருப்பாங்க. இருபதாவது நாள் தனியா ரிவர்ஸ் எடுத்துட்டுத் திரும்பி என்னைப் பார்ப்பா. அந்த மூஞ்சியை ஃபாரத்துல ஒட்டித் தருவாரா ஓனர்?"

டாக்டரம்மா கையிலிருந்த கிளிப்புகளைக் கூடையில் போட்டார். இந்தப் பெண்ணோடு பதினாறு வருடம் ஒரே வீட்டில் இருந்து, கேலி பேசியிருக்கிறோம், சண்டை போட்டிருக்கிறோம், இதை ஒருநாளும் கேட்டதில்லையே என்றிருந்தது அவருக்கு.

"வாயைத் தொறக்க மாட்டேன்" என்றார். "டேப் ஒட்டிக்கறேன். போதுமா?"

"ஸ்டூடண்டை முறைக்கவும் கூடாது."

"கண்ணையும் மூடிக்கறேன். காது மட்டும் விடு."

வெள்ளிக்கிழமை மத்தியானம் வகுப்புக்கு வந்தவர் ஒரு கணக்கு டீச்சர். டிரைவிங்கில் அன்று அவருக்குப் பன்னிரண்டாவது வகுப்பு. பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் தூள் முந்தானையில் அப்படியே இருந்தது. பின்சீட்டில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, "இன்ஸ்பெக்‌ஷனா மிஸ்?" என்று பயந்தார்.

"இல்ல மேடம், எங்க அண்ணி. கடைவீதி வரைக்கும் வர்றாங்க" என்றாள் சுண்டு, கண் சிமிட்டாமல்.

கணக்கு டீச்சர் வண்டி ஓட்டுவதும் கணக்குப் போடுவதுபோலவே இருந்தது. ஒவ்வொரு படியையும் உரக்கச் சொல்லிக்கொண்டார். "ஒண்ணு, க்ளட்ச் முழுக்க. ரெண்டு, முதல் கியர்." கர்ர்ர்ர் என்று அரைத்தது. டீச்சர் தோளைக் குறுக்கிக்கொண்டு, "சாரி, சாரி" என்று ஸ்டியரிங்கிடம் மன்னிப்புக் கேட்டார். "தப்பா போட்டுட்டேனா மிஸ்?"

"இல்ல மேடம். வண்டி கொஞ்சம் கோவக்காரி. மறுபடி போடுங்க."

டாக்டரம்மா கண்ணை மூடவில்லை. டீச்சரின் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் க்ளட்சை ஏனோதானோவென்று மிதிக்கவில்லை. தொடை எழும்ப, இடுப்பு இருக்கையில் அழுந்த, இருந்த பலத்தையெல்லாம் போட்டு மிதித்தார். கை அவசரப்படவில்லை. வரிசை பிசகவில்லை. எந்தத் தேர்விலும் முழு மதிப்பெண் கொடுக்கலாம். ஆனாலும் இரண்டாவது கியர் முட்டியது. நிறுத்திக் கிளம்பினால் முதல் கியர் அரைத்தது. கடைவீதித் திருப்பத்தில் ரிவர்ஸ் போட்டபோது எழுந்த சத்தத்தில் தெருவோரம் நின்ற ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார்.

போகாத கியரைத் தள்ளத்தானே செய்வார்கள்! வளையத்தில் தான் படித்தது சரிதான், பலவந்தம் நடந்துதான் இருக்கிறது. ஆனால் அது தொடக்கமில்லை, விளைவு. டாக்டரம்மா முன்சீட்டின் முதுகைத் தட்டினார்.

"நிறுத்து" என்றார்.

"அண்ணி, டேப்!"

"டேப் பிஞ்சு போச்சு. ஓரமா நிறுத்தச் சொல்லு."

டீச்சரை இறக்கிவிட்டு அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். சுண்டு தன் இடத்திலேயே இருந்தாள், முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு. எஞ்சினை அணைத்துப் போட்டால் கியர்கள் விழுந்தன. எஞ்சினை ஓடவிட்டு, க்ளட்சை மிதித்து, மூன்று எண்ணி ரிவர்ஸ் போட்டார். நேற்று வாயே திறக்காத வண்டி இன்று கத்தியது. க்ளட்ச் முழுக்க விலகவில்லை. ஆனால் ஏன்? அதே கேபிள், அதே கால்.

மறுபடி மிதித்தார், இந்த முறை மெதுவாக, பாதத்தால் காது கொடுப்பதுபோல். பெடல் இறங்கியது, இறங்கியது, தரைக்கு இரண்டு விரல் மேலேயே நின்றுவிட்டது. ரப்பர் விரிப்பில் படுகிற மெத்தென்ற முடிவு இல்லை அது. டக் என்று, மரத்தில் தட்டியதுபோல். அந்த டக் தன் காலடியிலிருந்து வரவில்லை என்பதும் அவருக்குத் தெரிந்தது. பக்கத்து சீட்டின் காலடியிலிருந்து வந்தது.

டிரைவிங் ஸ்கூல் வண்டியில் சொல்லிக்கொடுப்பவருக்கும் க்ளட்ச், பிரேக் உண்டு. இரண்டு பக்கத்துப் பெடல்களையும் ஓர் இரும்புக் கம்பி இணைக்கும். ஒரு பக்கம் இறங்கினால் மறுபக்கமும் சேர்ந்தே இறங்கும். டாக்டரம்மா குனிந்து பார்த்தார். சுண்டுவின் செருப்புக்கடியில், அகலமாக, இரண்டு விரல் கனத்தில் ஒரு பலகை கிடந்தது.

"இது என்னது?"

"பலகை."

"பலகைன்னு தெரியுது. எதுக்கு?"

"இந்த வண்டி சீட்டு முன்னாடி வராது அண்ணி. கால் தொங்குது. அரை நாள் தொங்கினா இடுப்பு போயிடுது. அதான் போட்டுக்கறேன். பிரேக் நல்லா பிடிக்குது, பார்த்துட்டுத்தான் போட்டேன்."

பிரேக் பிடிக்கும். பிரேக் தரை வரை போகவேண்டியதில்லை. க்ளட்சுக்குத்தான் அந்தக் கடைசி இரண்டு விரல் வேண்டும். கற்றுக்கொள்கிறவர் எவ்வளவு பலமாக மிதித்தாலும் இந்தப் பக்கத்துப் பெடல் பலகையில் முட்டி நின்றுவிடும்.

"காலையில அந்த நெட்டை மாஸ்டர்?"

"அவருக்கு முட்டி இடிக்குதுன்னு எடுத்து டிக்கியில போட்டுடுவாரு. நான் வந்து திரும்பப் போட்டுக்குவேன்."

"சரி. என் ஒர்க்‌ஷாப்புக்கு மூணு தடவை வண்டி வந்துச்சே, நான் ஒரு தடவை கூட இதைப் பார்க்கலையே?"

சுண்டு பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உங்க கிட்ட வர்றப்ப எல்லாத்தையும் எடுத்து வீட்ல வெச்சுடுவேன். பழைய வண்டியில ஒரு தடவை என் குடை, டப்பா, மாத்துச் செருப்பு எல்லாத்தையும் பார்த்துட்டு, கார் கொண்டு வந்தியா, குடித்தனம் கொண்டு வந்தியான்னு கேட்டீங்க. அங்க நாலு பேர் நின்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

டாக்டரம்மாவுக்கு அது நினைவே இல்லை. அவர் ஒரு நாளைக்கு அப்படிப் பத்து வார்த்தை பேசுவார். பேசிவிட்டு அடுத்த வண்டிக்கு அடியில் போய்விடுவார். அதில் ஒன்று ஒருத்தி மனதில் இத்தனை நாள் இருந்து, நோய்க்கான காரணத்தை ஒவ்வொரு முறையும் துடைத்து எடுத்துவிட்டு நோயாளியை மட்டும் தன்னிடம் அனுப்பிக்கொண்டிருந்தது. பிறர் பழக்கத்தையெல்லாம் இரும்பில் படிக்கிறவர் தன் வாயின் பழக்கத்தை எதில் படிப்பது?

"அப்ப தப்பு என்னோடதுதானா?" என்றாள் சுண்டு. "ஓனர் சொன்னது சரியாப் போச்சே. நான் உக்காந்ததாலதானே சத்தம்?" பிறகு அவளே குரலைத் தாழ்த்தி, "அண்ணி, சத்தமில்லாம பலகையைத் தூக்கிப் போட்டுடலாம். கேபிளைச் சரி பண்ணிட்டேன்னு சொல்லிடுங்க. உங்க பேரும் கெடாது" என்றாள்.

யோசனை நன்றாகத்தான் இருந்தது. சொல்லப்போனால் ரொம்பவே நன்றாக இருந்தது. டாக்டரம்மா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அதை ஒரு நிமிடம் முழுசாக நினைத்துப் பார்த்தார். பெட்டியைத் தேவையில்லாமல் திறந்தது யாருக்கும் தெரியாது. பல் டாக்டரம்மா பல் டாக்டரம்மாவாகவே இருக்கலாம். ஆனால் திங்கட்கிழமை ஓனர் என்ன நினைப்பார்? வண்டி சரியாகிவிட்டது, ஆனாலும் கெடுத்தது சுண்டுவும் அவளிடம் வந்த பெண்களும்தான் என்று நினைப்பார். அடுத்த சத்தம் கேட்கும் நாள்வரை தள்ளிப்போடுவார், அவ்வளவுதான். பலகை இல்லாமல் இவள் காலும் தொங்கும்.

"உன் தப்பு பாதி கூட இல்ல" என்றார். "நீ காலுக்குப் பலகை போட்ட. நான் பார்க்காமலே பெட்டியைத் தொறந்தேன். ஓனர் கிட்ட நான் பேசறேன்."

"என்ன சொல்வீங்க?"

"உள்ளதை."

வெளியே நின்றிருந்த கணக்கு டீச்சர் ஜன்னலில் குனிந்தார். "மிஸ், இந்த நிறுத்தின நேரம் எல்லாம் என் கிளாஸ்ல கழியுமா?"

"கழியாது மேடம்" என்றார் டாக்டரம்மா இறங்கிக்கொண்டே. "நாளைக்குக் காலையில ஒரு கிளாஸ் கூட எடுத்துக்கோங்க. உங்க க்ளட்சுக்கு நூத்துக்கு நூறு."

அன்று மாலை ஒர்க்‌ஷாப்பில் பலகை வெட்டப்பட்டது. குதிகால் ஊன்றும் அளவுக்குப் பின்பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, பெடல்கள் இறங்கும் முன்பாதியை டாக்டரம்மா அறுத்து எடுத்தார். முன்னால் நகராதபடி அடியில் இரண்டு கொக்கி வைத்து இருக்கையின் இரும்புக் காலோடு பிணைத்தார். சுண்டுவை உட்காரவைத்து இரண்டு முறை உயரம் பார்த்தார், தையல்காரர் அளவெடுப்பதுபோல். "இன்னும் அரை விரல் தூக்கலாமா?" என்று கேட்டார். சுண்டு ஆச்சரியத்தோடு, "தூக்கலாம்" என்றாள். அறுத்த முன்பாதியை ஒரு பையில் போட்டு எடுத்து வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை ஓனரை அவருடைய ஸ்கூல் வாசலிலேயே டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னார். பக்கத்து சீட்டின் காலடியில் அறுத்த துண்டை வைத்தார். "எஞ்சினைப் போடுங்க. க்ளட்சை மிதிங்க. மூணு எண்ணிட்டு ரிவர்ஸ்."

ஓனர் போட்டார். வண்டி தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தியது.

"பதினெட்டு வருஷமா சொல்லிக் குடுக்கறீங்க" என்றார் டாக்டரம்மா. "உங்களுக்குமா க்ளட்ச் மிதிக்க வரல?"

ஓனர் காதுவரை சிவந்தார். மறுபடி போட்டார், மறுபடி கத்தியது. டாக்டரம்மா குனிந்து துண்டை எடுத்தார். "இப்ப." கியர் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. ஓனர் முதல் கியர், ரிவர்ஸ், முதல் கியர் என்று நாலைந்து முறை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். பிறகு கீழே குனிந்து கம்பியையும், துண்டையும், புதிதாகப் பொருத்திய குதிகால் பலகையையும் பார்த்தார்.

"சீட்டு முன்னாடி வராத வண்டியை வாங்கினது நீங்க. காலுக்கு அவளே வழி பண்ணிக்கிட்டா. அது க்ளட்சைத் தடுக்கும்னு அவளுக்குத் தெரியல, உங்களுக்குத் தெரியல, எனக்கும் தெரியல. லேடீஸ் மேல பழி போயிடுச்சு." டாக்டரம்மா மூச்சு வாங்கிக்கொண்டார். அடுத்ததைச் சொல்வதுதான் கஷ்டம், சொல்லியும் விட்டார். "இன்னொண்ணு. பெட்டியைத் தொறந்திருக்கவே வேணாம். அந்த வளையம் தேய்ஞ்சிருந்தது நிஜம், ஆனா இன்னும் ரெண்டு வருஷம் ஓடியிருக்கும். ஆளோட உக்காந்து பார்க்காம தொறந்தேன். அந்த வேலையை நான் என் கணக்குல வெச்சுக்கறேன்."

ஓனர் கண்ணாடியைக் கழற்றினார். "இதை நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாமே?"

"இருந்திருக்கலாம். அப்புறம் எதுக்கு நீங்க என்னை நம்பணும்? இவ நல்லா சொல்லிக் குடுக்கறான்னு நான் சொன்னா மட்டும் எப்படி நம்புவீங்க?"

"நல்லா சொல்லிக் குடுக்கறாங்களா?"

"நேத்து பின்னாடி உக்காந்து பார்த்தேன். அந்த டீச்சர் மிதிச்ச மிதி நீங்க மிதிச்சதை விடச் சுத்தம்."

ஸ்கூல் படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சுண்டு இறங்கி வந்தாள். கணக்கு டீச்சரும் கூடுதல் வகுப்புக்காகக் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றார். சுண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சார், நெட்டை மாஸ்டர் கிட்ட சொல்லிட்டேன், பத்தரைக்கு மேடத்தோட கிளாஸ். இறங்கறீங்களா?"

ஓனர் இறங்கினார். இறங்கியவர் என்ன செய்வதென்று தெரியாமல் டீச்சருக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அப்ப டேபிளுக்கு யாரைப் போடறது?" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

"நீங்களே உக்காருங்க சார்" என்றாள் சுண்டு தன் பக்கத்துக் கதவைச் சாத்திக்கொண்டு. "உங்க கையெழுத்து நல்லாருக்கும்."

டீச்சர் உரக்க எண்ணினார். ஒண்ணு. ரெண்டு. முதல் கியர் விழுந்தது யாருக்கும் கேட்கவில்லை. வண்டி ஒரு குலுங்கு குலுங்கிக் கிளம்பியது, அது டீச்சரின் சொந்தக் குலுங்கல், இன்னும் எட்டு வகுப்பில் சரியாகிவிடும். டாக்டரம்மா நடைபாதையிலேயே நின்று காதைத் தீட்டிக்கொண்டார். இரண்டாவது விழுந்தது. மருந்துக்கடையைத் தாண்டியதும் மூன்றாவதும் விழுந்தது. திருப்பத்தில் வண்டி மறைந்தது. உள்ளே ஓனர் நாற்காலியை இழுத்துப் போட்டு, முதல் ஃபாரத்தை எடுத்துப் பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.